நூற்றுக்கு 96 வெற்றி, மிச்சம் 4 என்ன செய்தது?

(எங்கட மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டிருக்கிறேன். கணக்குகளை மட்டும் திரும்பச் சரிபார்த்து எழுதியிருக்கிறேன்.)



இந்த மாதம் கிரிப்டோ பற்றிக் கதைப்பம் என்று நான் சொன்னதும் ரெண்டு பேர் தனியா மெசேஜ் போட்டவை. "அக்கா, இது எங்கட அமைப்புக்குத் தேவையான விசயமோ?" என்று. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு வீட்டுக் கதையோட தொடங்கிறன்.

என்ர சித்தியின்ர மகன் இங்க லண்டனில ஒரு வெயர்ஹவுசில நைட் ஷிஃப்ட் செய்யிறான். மூண்டு வருசமா மிச்சம் பிடிச்சு 3,000 பவுண்ஸ் சேர்த்து வைச்சிருந்தான். ஊரில சித்தியின்ர கண் ஒப்பரேசனுக்கும் வீட்டுக் கூரைக்கும் அனுப்ப வேண்டிய காசு. ஒரு நாள் போனைக் கொண்டுவந்து காட்டினான். "அக்கா, இந்த ஆளைக் கொப்பி பண்ணப் போறன். முழுக் காசையும் போடப் போறன்." திரையில யாரோ ஒரு ட்ரேடரின்ர பெயர். கீழ பச்சை நிறத்தில ரெண்டு இலக்கம்: 30 நாளில் 412 சதவீத லாபம், வின் ரேட் 96 சதவீதம்.

"போடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஏனென்றால் 2021இல் நானும் இதைத்தான் செய்தனான். அந்த வருசம் மே 19ஆம் திகதி காலமை வேலைக்குப் போகேக்க என்ர கணக்கில 900 பவுண்ஸ் கிட்ட இருந்தது. அண்டைக்கு பிட்கொயின் ஒரே நாளுக்குள்ள ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்தது. பின்னேரம் தேத்தண்ணி இடைவேளையில பார்த்தா 40 பவுண்ஸ். நான் கொப்பி பண்ணின ஆளின்ர வின் ரேட்டும் 90க்கு மேலதான். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் வெளியில சொல்லுறன்.

தம்பியும் நானும் குசினி மேசையில இருந்து அந்தப் பக்கத்தை வரி வரியா வாசிச்சம். அதைத்தான் இப்ப உங்களோடையும் வாசிக்கப் போறன்.

முதல்ல, இது எப்பிடி வேலை செய்யுது?

தளத்தில ட்ரேடர்மாரின்ர பட்டியல் ஒன்று இருக்கும். நீங்கள் ஒருத்தரைத் தெரிவு செய்து காசை ஒதுக்கினால், அவர் வாங்கேக்க உங்கட கணக்கும் தானா வாங்கும், அவர் விக்கேக்க அதுவும் விக்கும். லாபம் வந்தால் அதில ஒரு பங்கு, பல இடங்களில 10 சதவீதம் அளவில, ட்ரேடருக்குப் போகும். ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் தளத்துக்குக் கட்டணம் போகும். நட்டம் வந்தால் அது முழுக்க உங்கட. இந்த ஏற்பாட்டை மனசில வைச்சுக்கொண்டு இலக்கங்களுக்கு வருவம்.

412 சதவீதம்

சதவீதத்தைக் கண்டால் முதல் கேள்வி: எதில சதவீதம்? 50 பவுண்ஸ் போட்டு 206 பவுண்ஸ் உழைச்சாலும் 412 சதவீதம்தான். ஒரு லட்சம் போட்டு 12,000 உழைச்சவர் 12 சதவீதத்தோட பட்டியலின்ர அடியில கிடப்பார். ட்ரேடரின்ர சொந்தக் காசு எவ்வளவு உள்ளுக்க இருக்கு என்று பல தளங்களில பார்க்கலாம். தம்பியின்ர ஆள் சொந்தமா வைச்சிருந்தது 60 டொலருக்கும் குறைவு. அவரைக் கொப்பி பண்ணினவை போட்ட காசு அதைவிடப் பல நூறு மடங்கு. அந்த 60 டொலர் போனால் அவருக்கு ஒரு இரவுச் சாப்பாடு போன மாதிரி. தம்பிக்குப் போறது மூண்டு வருசம்.

இன்னொரு கணக்கு. 1,024 பேர் ஆளுக்குப் பத்துத் தரம் காசு சுண்டினால், பத்திலயும் தலை விழுகிற ஒருத்தர் சராசரியா இருப்பார். அவருக்குத் திறமை ஒன்றும் இல்லை. ஆனால் வெண்டவரை மேலயும் தோத்தவரைக் கீழயும் அடுக்கிற பட்டியலில அவர்தான் முதல் இடம். ஒரே ஆள் பத்துக் கணக்கு திறந்து, பத்திலயும் முரட்டுத்தனமா விளையாடி, தப்பிப் பிழைச்ச ஒன்றை மட்டும் காட்டவும் முடியும். செத்த கணக்குகள் எங்கட கண்ணில படாது.

96 வெற்றி

வின் ரேட் என்பது எத்தினை தரம் வெண்டார் என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு வெண்டார் என்று சொல்லாது. 100 ட்ரேடில 96 தரம் ஒவ்வொரு பவுண் லாபம்: 96 பவுண்ஸ். மிச்சம் 4 தரம் ஒவ்வொன்றிலும் 30 பவுண்ஸ் நட்டம்: 120. கடைசியில 24 பவுண்ஸ் கையை விட்டுப் போச்சு, வின் ரேட் 96. மாறாக, 40 தரம் 3 பவுண்ஸ் வெண்டு 60 தரம் ஒரு பவுண் தோத்தவருக்கு 60 பவுண்ஸ் மிச்சம், வின் ரேட் வெறும் 40. ஆகவே சராசரி வெற்றி எவ்வளவு, சராசரி தோல்வி எவ்வளவு என்ற ரெண்டையும் சேர்த்துப் பாக்க வேணும்.

இதில இன்னொரு சூட்சுமம் இருக்கு. மூடின ட்ரேட் மட்டும்தான் வின் ரேட்டில சேரும். நட்டத்தில இருக்கிறதை மூடாமல் விட்டால் அது தோல்வியாப் பதியாது. அதுக்கு மேல இன்னும் வாங்கிப் போட்டு, விலை திரும்பும் திரும்பும் என்று காத்திருக்கிறது சில பேரின்ர பழக்கம். திரும்பிற வரைக்கும் வின் ரேட் அழகா இருக்கும். திரும்பாத ஒரு நாளில முழுக் கணக்கும் போகும். 2021 மேயில எனக்கு நடந்தது அதுதான். தம்பியின்ர ஆளின்ர திறந்திருக்கிற ட்ரேடுகளைத் தட்டிப் பார்த்தம். ஏழு இருந்தது. ஏழும் சிவப்பு. பழசு 23 நாளாத் திறந்திருக்கு.

ட்ரோடவுன்

எனக்குத் தெரிஞ்சு ஆகவும் முக்கியமான இலக்கம் இது. கணக்கு உச்சத்தில இருந்து அதுக்குப் பிறகு எவ்வளவு ஆழத்துக்கு விழுந்தது என்பதுதான் உச்ச ட்ரோடவுன். விழுந்தால் எழும்பிறது லேசில்லை. 20 சதவீதம் விழுந்தால் பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேணும். 50 விழுந்தால் 100 ஏற வேணும். 80 விழுந்தால் 400 ஏற வேணும்.

இதையும் எந்தக் காலத்துக்குக் காட்டுறாங்கள் என்று பாருங்கோ. 30 நாளில் 9 சதவீதம் என்று இருந்ததை "முழுக் காலம்" என்று மாத்தினம். முழுக் காலமே 47 நாள்தான்! 47 நாளில ஒரு புயலும் காணாத கணக்கு அது. லூனா சரிஞ்ச 2022 மே, எஃப்.டி.எக்ஸ் விழுந்த 2022 நவம்பர், இப்பிடிப்பட்ட மாதங்களுக்குள்ளால வந்த கணக்கோ என்று பாக்க வேணும்.

ஷார்ப் விகிதம் என்று ஒன்றும் போட்டிருக்கும். ஏற்ற இறக்கத்தோட ஒப்பிட்டால் லாபம் எவ்வளவு என்று சொல்லுறது அது. நல்ல அளவுகோல்தான், ஆனால் ஒரு மாதத் தரவில அதுக்குப் பெறுமதி குறைவு. நட்டத்தை மூடாமல் வைச்சிருக்கிற ஆளின்ர ஷார்ப் கடைசி நாள் வரைக்கும் மினுங்கும்.

இன்னொன்று, சந்தையோட ஒப்பிடுங்கோ. 2024இல் பிட்கொயின் வருசத் தொடக்கத்தில இருந்து முடிவுக்குள்ள இரட்டிப்புக்கும் மேல ஏறினது. அந்த வருசம் 80 சதவீதம் காட்டின ட்ரேடர், சும்மா வாங்கி வைச்சுட்டு நித்திரை கொண்டவரைவிடக் குறைவாத்தான் உழைச்சிருக்கிறார்.

ஆருக்கு நிச்சயமா உழைப்பு?

லீவரேஜ் என்றால் கடன் வாங்கிப் பெருப்பிக்கிறது. 20 மடங்கு என்றால் விலை 5 சதவீதம் எதிர்ப்பக்கம் போனாலே போட்ட காசு முழுக்கப் போயிடும். கிரிப்டோவில 5 சதவீதம் ஒரு மத்தியானத்துக்குள்ள நடக்கிற காரியம்.

கட்டணமும் அதே மாதிரிப் பெருக்கும். 100 பவுண்ஸை 20 மடங்காக்கினால் 2,000 பவுண்ஸ் ட்ரேட். கட்டணம் 0.05 சதவீதம் என்று வையுங்கோ. கேக்கச் சின்னதாத்தான் இருக்கும். உள்ள போக ஒரு பவுண், வெளிய வர ஒரு பவுண். உங்கட 100இல் 2 சதவீதம் ஒரே ட்ரேடில போச்சு. 30 ட்ரேட் செய்தால் 60 பவுண்ஸ். லாபமோ நட்டமோ, தளத்துக்கு அது நிச்சயம்.

ட்ரேடரின்ர பங்கும் அப்பிடித்தான். வாராவாரம் கணக்கு முடிக்கிற இடத்தில, முதல் வாரம் உங்களுக்கு 100 லாபம், அதில 10 அவருக்கு. அடுத்த வாரம் 100 நட்டம். ரெண்டு வார முடிவில நீங்கள் 10 பவுண்ஸ் இறக்கம், அவர் 10 பவுண்ஸ் ஏற்றம். முந்திய உச்சத்தைத் தாண்டினால் மட்டும் பங்கு என்று விதி இருக்கோ என்று பாருங்கோ. லாபத்தில பங்கு, நட்டத்தில பங்கில்லை என்றால், துணிஞ்சு சூதாடிறதுதான் அவருக்கு வாசி. அவர் நல்லவரோ கெட்டவரோ என்பது வேற விசயம். ஏற்பாடே அவரை அந்தப் பக்கம் தள்ளுது.

பட்டியலில எந்த இலக்கத்தைப் பெரிசா, பச்சையாப் போடுறது என்று முடிவெடுக்கிறதும் தளம்தான். நாங்கள் அடிக்கடி ட்ரேட் செய்தால்தான் அவையளுக்கு வருமானம். 2020இல் 'மனேஜ்மென்ட் சயன்ஸ்' ஆய்விதழில் மூன்று பொருளியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மற்றவர்களின் வெற்றியைக் காட்டினாலே ஆட்கள் அதிக ஆபத்தை எடுக்கிறார்கள், கொப்பி பண்ணவும் விட்டால் இன்னும் கூட எடுக்கிறார்கள் என்பதுதான் முடிவு.

பிரேசில் பங்குச் சந்தை பியூச்சர்ஸில் 300 நாளுக்கு மேல் விடாமல் டே ட்ரேடிங் செய்தவர்களை ஆராய்ந்தபோது 97 சதவீதம் பேர் நட்டம். ஐரோப்பிய சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018இல் சொன்னது, சி.எஃப்.டி.யில் சாதாரண ஆட்களின் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டத்தில் என்று. ரெண்டும் கிரிப்டோ இல்லை. ஆனால் கடனில பெருப்பிச்சு அடிக்கடி ட்ரேட் செய்கிற விளையாட்டு ஒன்றுதான்.

இங்க பிரித்தானியாவில 2021 ஜனவரி 6 முதல் கிரிப்டோ பியூச்சர்ஸ் போன்றவற்றைச் சாதாரண ஆட்களுக்கு விற்க நிறுவனங்களுக்கு எஃப்.சி.ஏ. தடை போட்டிருக்கு. ஆகவே 20 மடங்கு லீவரேஜ் தாற தளம் வெளிநாட்டில இருந்து ஓடுற ஒன்றாத்தான் இருக்கும். காசு போனால் இங்கத்தை இழப்பீட்டுத் திட்டத்தின்ர கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை. எங்கட சனம் பிடிக்கிற சீட்டு உடைஞ்சால் ஆற்ற வீட்டுக்குப் போறது என்றாவது தெரியும்.

ஏன் எங்கட பிள்ளையள்?

தம்பி மடையனில்லை. பேராசைக்காரனுமில்லை. சம்பளம் வாடகைக்குப் போகுது. ஊரில இருந்து வாற போன் நிக்காது. மாணவர் விசாவில வந்த பிள்ளையள் படிப்புக் காலத்தில வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்ய ஏலாது, சுயதொழிலும் செய்ய ஏலாது. ரெண்டாவது வேலைக்குக் கதவு பூட்டியிருக்கிற ஆளுக்கு, "நித்திரை கொள்ளேக்கயும் உழைக்கலாம்" என்று ஒரு ஆப் கதவு திறக்குது. அந்த இடத்தில நாங்கள் போய் "முதலாளித்துவச் சூதாட்டம்" என்று பிரசங்கம் வைச்சால் ஆர் கேப்பினம்? எங்களுக்குச் சொல்லாமல் போடுவினம், நான் 2021இல் செய்த மாதிரி. பிறகு தனியா இருந்து அழுவினம். சம்பளத்துக்கும் விசா விதிக்கும் எதிரா நாங்கள் செய்யிற வேலையையும், இந்த வாசிப்பையும் ஒண்டாத்தான் கொண்டுபோக வேணும்.

தம்பி என்ன செய்தான்? 2,800ஐச் சித்திக்கு அனுப்பினான். 200ஐ வேற ஒரு ட்ரேடரில போட்டான், போனாலும் பரவாயில்லை என்று. ஒவ்வொரு இரவும் ஒரு கொப்பியில எழுதி வைச்சான். ஆறு கிழமையில 131 மிச்சம். அதே ஆறு கிழமைக்கு அந்த ட்ரேடரின்ர பக்கம் பச்சையாத்தான் இருந்தது. பிந்தி நுழையிறது, விலை வழுக்கிறது, கட்டணம், எல்லாம் கொப்பி பண்ணிறவரின்ர தலையில. அதால "கொப்பி பண்ணினவையின்ர லாப நட்டம்" என்ற இலக்கம் இருந்தால் அதை முதல்ல பாருங்கோ. 412 சதவீத ஆளின்ர பெயர் இப்ப பட்டியலிலேயே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வாற நேரம், இப்பிடிக் காசு போட்டிருக்கிற, போட யோசிக்கிற ஒரு ஆளையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. போனையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. அவரின்ர சொந்தக் காசு எவ்வளவு, கணக்குக்கு வயசு எத்தினை, ஆகக் கூடின இறக்கம் எவ்வளவு, மூடாத நட்டம் என்ன, கொப்பி பண்ணினவைக்கு என்ன நடந்தது. இந்த ஐஞ்சு கேள்வியையும் சேர்ந்து இருந்து கேப்பம். ஒருத்தரையும் ஏசாமல்.