'இது கஞ்சா இல்ல, கேஸ் வராது மச்சி' – நம்பாதீங்க தோழர்களே!

செஞ்சியில் நடந்த இளைஞர் கூட்டத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்:



கஞ்சா பத்தி எல்லாருக்கும் தெரியும். நான் பேச வந்தது மெபெட்ரோன் பத்தி. 'எம்.டி.', 'மியாவ் மியாவ்'னு சொல்றது இதைத்தான். யேமன், எத்தியோப்பியா பக்கம் 'காட்'னு ஒரு செடி இருக்கு. அந்த இலையில இருக்கிற கேத்தினோனோட சாயல்ல, ஆலையில கெமிக்கல் கலந்து செய்ற பொடி இது. மூலிகை கிடையாது.

வடநாட்டுக் கதைன்னு விட்டுடாதீங்க. 2024 பிப்ரவரியில புனே போலீஸ் பிடிச்சது 1,700 கிலோவுக்கு மேல. அதே அக்டோபர்ல போபால் பக்கம் ஒரே ஆலையில 907 கிலோ. இவ்வளவும் ஒரே ஊருக்கா? படிப்புக்கும் வேலைக்கும் நம்ம பசங்க போற பெருநகரங்கள்தான் இதுக்குச் சந்தை.

இதோட வேகம் ரெண்டு மூணு மணி நேரத்துல இறங்கிடும். உடனே மனசு மறுபடி கேக்கும். ஒரே ராத்திரியில திரும்பத் திரும்ப எடுக்கிறது அதனாலதான். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், உடம்பு கொதிக்கும். யாரோ துரத்துற மாதிரி பயம், வலிப்பு, கடைசியில உயிரே போகலாம். தனி முறிமருந்து இல்ல. யாராவது விழுந்தா ரூமைப் பூட்டாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

இப்போ சட்டம். 2015 பிப்ரவரியிலேயே இது போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலுக்குள்ள வந்தாச்சு.

👉 2 கிராம் வரை: ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும்.
👉 அதுக்கு மேல 50 கிராம் வரை: 10 வருஷம் வரை சிறை.
👉 50 கிராமைத் தாண்டினா: 10 முதல் 20 வருஷம். ஜாமீன் குதிரைக்கொம்பு.

இன்னொண்ணு. கலப்படத்தோட எடையும் சேர்த்துத்தான் கணக்குன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1 கிராம் சரக்கு, 9 கிராம் மாவுன்னா, கேஸ் 10 கிராமுக்கு! 'இந்த பார்சலை மட்டும் குடுத்துடு'ன்னு நண்பன் சொன்னா வாங்காதீங்க. உள்ள இருந்தது தெரியாதுன்னு நிரூபிக்கிற பாரமும் உங்க தலையிலதான் விழும்.

ஏற்கெனவே சிக்கினவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. சிறிய அளவு வழக்குல மாட்டின அடிமைப்பட்டவர், தானா முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரிச்ச மையத்துல சிகிச்சையை முழுசா முடிச்சா, 64-ஏ பிரிவு வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு தருது. ஆலோசனைக்கு 14446. அவங்களை ஊர்ல அசிங்கப்படுத்தாதீங்க, கூட்டிட்டுப் போங்க.

விக்கிறவனுக்கு மட்டும் இரக்கம் வேண்டாம். 10581-க்குச் சொல்லுங்க. அவன் நம்ம கொடியையே பிடிச்சிருந்தாலும் சொல்லுங்க.

நம்ம கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு எட்டு வருஷம் ஆச்சு. இந்தப் பொடிக்கு ஒரு சட்டைப்பை போதும். காவல் நாமதான் தோழர்களே.

#போதையில்லாசெஞ்சி #பகிருங்கள்