சல்ட் காட்டில் ஏழரை லிட்டர் தண்ணி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "காட்டுல நடக்குற கேம்பெயின் ஓட்டுறோம், ஆனா காட்டுக்குள்ள இருக்குற மாதிரியே தெரியல, என்ன பண்றது?" இதுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு நிச்சயமா இருக்கு. இதே விஷயத்துல என் டேபிளைக் கிட்டத்தட்ட உடைச்சவன் நான்.

எனக்கு அஞ்சு ப்ளேயர்ஸ். சனிக்கிழமை ராத்திரி, மொட்டை மாடி ரூம், ஒரு ஃபேன். 2017ல வந்த 'டூம் ஆஃப் அனைஹிலேஷன்' சாகசத்தை எடுத்தோம். சல்ட்டுன்னு ஒரு வெப்பமண்டலக் காடு. டைனோசர் உண்டு, ஜாம்பி உண்டு. மேப் முழுக்க அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டம் பத்து மைல், நம்ம கணக்குல பதினாறு கிலோமீட்டர். நடந்தா சாதாரண வேகத்துல ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் தாண்ட முடியும். தினமும் வழிகாட்டி டைஸ் உருட்டணும். தோத்தா தப்பான திசையில போவீங்க, அது டிஎம்முக்கு மட்டும்தான் தெரியும்.

படிச்சதுமே எனக்கு ஒரே குஷி. ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். சாப்பாடு, தண்ணி, அம்பு, கயிறு, கொசு மருந்து, எல்லாத்துக்கும் ஒரு காலம். ரியலிசம்னா இதுதான்னு நம்பினேன். நாலாவது செஷன்ல ஒன்றரை மணி நேரம் ஓடி முடிஞ்சப்போ, கதையில மூணு நாள் போயிருந்தது. ஒரு டைனோசரும் வரல. எங்க ரோக் ப்ளேயர் பென்சிலைக் கீழ வெச்சுட்டு, "நாம ரேஷன் கடையா நடத்துறோம்?"னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரம் ரெண்டு பேர் வரல.

அப்போதான் உட்கார்ந்து, நிஜமா காட்டுல மாட்டினவங்க என்ன சொல்றாங்கன்னு படிச்சேன். யூலியானே கோப்கே தெரியுமா? 1971 டிசம்பர் 24, பெரு நாட்டுல அவங்க போன விமானம் மின்னல் தாக்கி உடைஞ்சது. சீட்டோட சேர்த்துக் கட்டியிருந்த நிலையில அமேசான் காட்டுக்குள்ள விழுந்தாங்க. வயசு 17. விமானத்துல இருந்த மத்த எல்லாரும் இறந்துட்டாங்க. இவங்க பதினோரு நாள் கழிச்சு உயிரோட வெளியே வந்தாங்க.

அவங்க கையில இருந்த சாப்பாடு ஒரு பை மிட்டாய். அதுக்கு ஷீட்டே வேண்டாம். அவங்களைக் காப்பாத்தினது முக்கியமா ஒரு பாடம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் விலங்கியல் ஆய்வாளர்கள். சின்ன ஓடை பெரிய ஓடையில சேரும், பெரிய ஓடை ஆத்துல சேரும், ஆத்தங்கரையில மனுஷன் இருப்பான்னு அப்பா சொல்லியிருந்தார். கண்ணாடி வேற தொலைஞ்சுபோச்சு, தூரத்துல எதுவும் தெளிவா தெரியாது. அதனால காதை நம்பினாங்க. ஹோட்சின்னு ஒரு பறவை, திறந்த நீர்நிலை ஓரமாத்தான் கூடு கட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் பெரிய ஆறு பக்கத்துல இருக்குன்னு புரிஞ்சுது. கழுகு இறங்குற சத்தம் கேட்டா அங்க சடலம் இருக்குன்னு அர்த்தம்.

இதைப் படிச்சதும் நான் வர்ணிக்கிற விதமே மாறிடுச்சு. அதுவரைக்கும் நான் சினிமா மாதிரி காட்டைக் காட்டிட்டு இருந்தேன், பச்சை மலை, அருவி, வைட் ஷாட். அடர்ந்த காட்டுக்குள்ள நின்னா முன்னாடி பத்து இருபது அடிக்கு மேல தெரியாதுங்க. சாயங்காலம் வெளியே வெளிச்சம் இருக்கும்போதே கீழ இருட்டிடும். அதனால "என்ன பாக்குறோம்?"னு கேட்டா, நான் முதல்ல சத்தத்தைச் சொல்றேன். வழிகாட்டி டைஸ்ல ஜெயிச்சா "சரியான வழி"ன்னு சொல்றது இல்ல, இடது பக்கம் ஒரு பறவை கத்துதுன்னு சொல்றேன். அந்தப் பறவை தண்ணிகிட்டதான் இருக்கும்னு முன்னாடியே ஒரு கைடு சொல்லியிருப்பார். ஞாபகம் வெச்சிருக்கிறவங்க திரும்புவாங்க. போன மாசம் ஒருத்தர் சீட்டுல இருந்து எழுந்தே நின்னுட்டார்.

அட்டை கூட அப்படித்தான். மழைக்காலத்துல மேற்குத் தொடர்ச்சி மலையில நடந்தவங்களுக்குத் தெரியும், அட்டை கடிச்சா வலிக்காது. சாக்ஸ் ஈரமா இருக்கேன்னு நினைப்போம், கழட்டினா ரத்தம். ரத்தம் உறையாம இருக்குற ஒண்ணை அது எச்சில்ல விடுது, அதனால பிடுங்கி எறிஞ்ச பிறகும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். "அட்டை கடிச்சது, ஒரு ஹிட் பாயிண்ட் போச்சு"ன்னு சொன்னா யாருக்கும் உறைக்காது. "உன் இடது ஷூ மட்டும் கொஞ்சம் அதிகமா ஈரமா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க.

சரி, கணக்கு. ஷீட்டைத் தூக்கிப் போட்டுட்டேன், ஒண்ணே ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டேன்: தண்ணி. விதிப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், வெயில்னா ரெண்டு. ரெண்டு கேலன்னா ஏறத்தாழ ஏழரை லிட்டர். அஞ்சு பேருக்கு 38 லிட்டர். கேலன் கணக்குல சொன்னவரைக்கும் யாரும் கண்டுக்கல. "டெய்லி ரெண்டு வாட்டர் கேனை முதுகுல தூக்கிட்டு நடக்குறீங்க, நாளைக்கு இன்னும் ரெண்டு"ன்னு சொன்னேன். லிஃப்ட் இல்லாத வீட்டுல மூணாவது மாடிக்குக் கேன் தூக்கினவங்க எங்க டேபிள்ல மூணு பேர். உடனே பேச்சு ஆரம்பிச்சுது. ஆத்துத் தண்ணியைக் குடிக்கலாமா? கொதிக்க வைக்கணும்னா நெருப்பு வேணும், நெருப்புன்னா புகை, புகையைப் பார்த்து எது வரும்? மழை பிடிக்கிற தோல் விரிப்பு அந்தப் புத்தகத்துலயே இருக்கு. மழைநீர் சேகரிப்பு நம்ம ஊருக்கு என்ன புதுசா?

மேஜிக் வந்தா இது எல்லாம் காலின்னு நீங்க சொல்றது கேக்குது. உண்மைதான். 'குட்பெர்ரி' முதல் லெவல் ஸ்பெல், பத்து பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. தண்ணி உண்டாக்குற ஸ்பெல்லும் முதல் லெவல்தான், பத்து கேலன். சில டிஎம் இதெல்லாம் தடை பண்ணிடுவாங்க. எனக்கு அது பிடிக்கல, ட்ரூயிட் ஆசைப்பட்டு எடுத்த பவரைப் பிடுங்கினா அவருக்கு என்ன மிச்சம்? நான் தூக்கத்துலதான் கை வெச்சேன். காய்ஞ்ச, பாதுகாப்பான இடம் கிடைச்சாத்தான் லாங் ரெஸ்ட். ஈரத்துல படுத்தா ஷார்ட் ரெஸ்ட் மட்டும்தான், ஸ்பெல் ஸ்லாட் திரும்பாது. இப்போ தண்ணி உண்டாக்குனா, நாளைக்கு ஒருத்தர் காயத்தை ஆத்த முடியாமப் போகலாம். இதை ஆட்டத்துக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி ஒத்துக்க வெச்சேன். நடுவுல மாத்தினா சண்டைதான் வரும்.

இனி நான் பண்ணின தப்பு. அவங்க கூலிக்கு வெச்ச கைடு ஒரு சின்னப் பையன். எல்லாரும் "தம்பி, தம்பி"ன்னே கூப்பிடுவாங்க. அவனுக்குக் காய்ச்சல் வர வெச்சேன். வர்ணனையில சூடு பிடிச்சிருந்த நேரம். உடம்பு அனலா கொதிக்குது, ஈறுல ரத்தம், உங்களை அடையாளம் தெரியல, அப்படி இப்படின்னு ஒரு பத்து நிமிஷம் போனேன். ரோக் ப்ளேயர் எதுவும் சொல்லாம எழுந்து வெளியே போயிட்டாங்க. தண்ணி குடிக்கப் போறாங்கன்னு நினைச்சு நான் தொடர்ந்து பேசிட்டே இருந்தேன்.

அவங்க தம்பி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டெங்குவுல ஐசியூல இருந்திருக்கான். பொழைச்சுட்டான். ஆனா அந்த ஒன்பது நாளும் வெளியே சேர்ல உட்கார்ந்திருந்தது இவங்கதான். எங்க யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்ல. பாம்பு பயமா, பூச்சி பயமான்னு முதல் நாள் கேட்டேன், நோயைப் பத்திக் கேட்கணும்னு தோணவே இல்ல.

மறுநாள் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். கைடைக் கதையிலேருந்து தூக்கிடுறேன், காலையில குணமாயிட்டான்னு வெச்சுக்கலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்தாங்க. அப்புறம், "வேண்டாம். அவனுக்கு என்ன ஆகும்னு டைஸ் உருட்டாத. நாங்க என்ன பண்றோமோ அதை வெச்சு முடிவு பண்ணு. ரத்தம் மட்டும் வேண்டாம்"னு சொன்னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு எல்லாரும் வந்தாங்க. தூளி கட்டித் தம்பியைத் தூக்கினாங்க. ரெண்டு பேர் தூக்கணும், அந்த ரெண்டு பேர் முதுகுல தண்ணி ஏத்த முடியாது. வேகம் பாதி, ஒரு கட்டம் தாண்ட ரெண்டு நாள். பொக்கிஷம்னு சேர்த்து வெச்சிருந்த வெண்கலச் சிலையை ஒரு மரத்தடியில வெச்சுட்டுப் போனாங்க, அது அவங்க மூணு மாசமா தேடினது. ட்ரூயிட் கடைசி ஸ்பெல்லைத் தண்ணிக்குச் செலவு பண்ணினார். அன்னைக்கு நைட் சண்டையே இல்ல, மணி ரெண்டு ஆனது யாருக்கும் தெரியல.

இன்னும் அவங்க கோட்டைக்குப் போய்ச் சேரல. மூணு கட்டம் பாக்கி. நேத்து ராத்திரி ரோக் ப்ளேயர்கிட்டேருந்து ஒரு மெசேஜ்: "இப்ப நம்மகிட்ட மொத்தம் 31 லிட்டர்தானே இருக்கு? தம்பிக்கு ஏழரை எடுத்து வெச்சுட்டு மீதியைப் பிரிச்சிருக்கேன். பார்த்துச் சொல்லு."