ஆறாம் வகுப்பிலேயே எழுதப்படும் மனு

(பொட்டிபுரத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சு)



சர்க்கார் காலேஜிலும் பல்கலைக் கழகத்திலும் முதல் வருஷப் படிப்புக்கு மனுப் போடுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பேச நீங்கள் என்ன படித்துக் கிழித்துவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால், பத்தாம் வகுப்போடு நின்றவர்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வருஷா வருஷம் மே மாதத்தில் நம் பிள்ளைகளோடு தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் நடக்கிறவர்கள் நாங்கள். எந்த இடத்தில் நம் பிள்ளை தடுக்கி விழுகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறோம்.

வாசல் பூட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ல் ஏற்பட்டது. மதுரையில் தனிப் பல்கலைக் கழகம் வர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்கே வந்தது 1978-ல். அதற்கு முன்னால் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளை புகுமுக வகுப்புக்கே காலேஜ் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டும். ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போகிற குடும்பத்தால் அது ஆகிற காரியமா?

இன்று நிலைமை வேறு. சர்க்கார் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் மனுப் போடலாம். 2024-ல் அதற்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும்தான். நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் வரிசை. இடங்களில் நூற்றுக்கு 69 ஒதுக்கீட்டில் போகிறது.

இந்த ஒதுக்கீடு சும்மா வந்ததல்ல. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுப்புவாரி உத்தரவைச் செல்லாது என்றது. தமிழகம் கொந்தளித்தது; அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்குப் போட்ட அம்மையார் மருத்துவக் காலேஜுக்கு மனுவே போட்டிருக்கவில்லை; தீர்ப்பிலேயே அது எழுதியிருக்கிறது. மனுப் போடாமலே சுப்ரீம் கோர்ட் வரை போகத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம். உரிமை கையில் இருந்தும் தாலுகா ஆபீஸ் வரை போகாதவர்கள் இந்தப் பக்கம்.

ஏன் போவதில்லை? சோம்பலா? இல்லை தோழர்களே. நம் பிள்ளையின் மனு பதினேழு வயதில் எழுதப்படுவதில்லை; பதினோரு வயதிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு 2020-ல் சட்டம் வந்தது. இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021-ல் வந்தது. இதில் இன்ஜினீயரிங் சேருகிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சர்க்கார் கட்டுகிறது. போடியிலேயே சர்க்கார் இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் காலேஜ் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நிபந்தனைதான் ஓடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மாதம் 1,000 ரூபாய்க்குப் பின்னால் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். ஆனால் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளி சேராது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? காய் எடுப்பு தொடங்கியதும் புருஷனும் பெண்சாதியும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏறுகிறார்கள். தினம் ஜீப்பில் போய்வருவது ஒரு வகை. லயத்திலேயே தங்கிவிடுவது இன்னொரு வகை. தங்குகிறவர்கள் பிள்ளையை இங்கே யாரிடம் விட்டுப் போவது? பாட்டி இருந்தால் சரி. இல்லாவிட்டால் பிள்ளையும் மேலே போகிறது. அங்குள்ள பள்ளியில் ஆறாவது சேருகிறது. இரண்டு வருஷம் கழித்துக் குடும்பம் கீழே இறங்குகிறது, பிள்ளை இங்கே எட்டாவது சேருகிறது. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஐந்து வருஷம் கழித்து மனுப் போட உட்காரும்போதுதான் சங்கிலியில் இரண்டு கண்ணி இல்லை என்பது தெரிகிறது.

மேலே உள்ள பள்ளிக்கூடம் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1956-ல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலை ஒன்று, ஏலச்செடி ஒன்று, எடுக்கிற கை ஒன்று. சர்டிபிகேட் மட்டும் இரண்டு. தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு இன்னும் கஷ்டம். 1950-க்குப் பிறகு இங்கிருந்து போனவர்களுக்குக் கேரளத்தில் அந்த ஜாதிக்குரிய சலுகை கிடையாது. ஆக அங்கேயும் வெளியாள், இங்கேயும் கண்ணி அறுந்த ஆள். வயிற்றுப்பாட்டுக்கு மலையேறிய குடும்பத்துக்கு இந்த நிபந்தனையில் விலக்கு வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? கேட்போம். அது கிடைக்கிற வரையில் ஒரு காரியம் செய்யலாம். ஐந்தாவது முடிக்கிற பிள்ளையைக் கீழேயே நிறுத்துங்கள். சர்க்கார் மாணவர் விடுதியில் இடம் கேளுங்கள். அல்லது மலைக்குப் போகாத வீட்டில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து வையுங்கள். அரிசியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கண்ணி அறுந்த பிள்ளைகள் மனம் உடைய வேண்டாம். 7.5 போனாலும் 69 போய்விடவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று கூடக் கேட்பதில்லை. வீரபாண்டி, ஆண்டிபட்டி சர்க்கார் கலைக் கல்லூரிகளுக்கும் தாராளமாக மனுப் போடலாம்.

இனி காகிதங்கள். 2024-ல் ரிசல்ட் வந்தது மே 6. மனு வாங்கத் தொடங்கியதும் அன்றைக்கே. இரண்டு வாரம் என்று வைத்து, பிறகு சில நாள் நீட்டினார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று படி ஏறி ஜாதிச் சான்றிதழ் வாங்குவது தினக்கூலிக்காரனால் முடியாது. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகிறது. ஆகையால் ஜாதிச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள். ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழை மட்டும் அந்தந்த வருஷம் வாங்க வேண்டும். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிராவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கேளுங்கள். கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேர்ந்தால் அது கட்டணத்தைக் குறைக்கும். பிள்ளை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் ஹெட்மாஸ்டரிடம் போனபைட் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள்.

அதே மே மாதத்தில் ஊருக்குள் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் தனியார் காலேஜ் ஏஜெண்ட். பஸ் இலவசம், சீட்டு உறுதி, அசல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்கள் என்பார். கொடுத்துவிட்டால் பிள்ளை சர்க்கார் கலந்தாய்வுக்குப் போக முடியாது. அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது, துணிந்து கேளுங்கள். இன்னொருவர் மில் புரோக்கர். பன்னிரண்டு முடித்த பெண்ணுக்கு விடுதியோடு வேலை என்று முன்பணம் நீட்டுவார். மில் தோழர்களுக்கு அந்த விடுதி எப்படி என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

1918 ஆகஸ்டில் சோவியத் சர்க்கார், பதினாறு வயது நிறைந்த எவரும் பள்ளிச் சான்றிதழ் இல்லாமலே பல்கலைக் கழகத்தில் சேரலாம் என்று உத்தரவு போட்டது. வாசலைத் திறந்ததும் தொழிலாளிகள் உள்ளே போனார்கள். பாடம் புரியாமல் திணறினார்கள். அடுத்த வருஷமே அவர்களைத் தயார் செய்யத் தனி வகுப்புகள் ஏற்படுத்த வேண்டி வந்தது. நமக்கும் அப்படித்தான். மனுவோடு வேலை முடியாது. முதல் வருஷம் இங்கிலீஷ் பாடத்தில் பயந்து திரும்பி வருகிற பிள்ளைகளும் உண்டு. படித்து முடித்த ஊர்ப் பிள்ளைகள் கோடை லீவில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முன்வர வேண்டும்.

நம் ஊர்ப் பெயர் உலகத்து விஞ்ஞானிகளுக்கெல்லாம் தெரியும். மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட 2015-ல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது, ஜனங்கள் எதிர்த்தார்கள். அந்தச் சண்டையில் நியூட்ரினோ என்றால் என்ன என்று நமக்கு விளக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வர வேண்டியிருந்தது. பௌதிகம் படிக்க மனுப் போட 2024-ல் 50 ரூபாய்தான்.

இந்த வருஷம் பன்னிரண்டாவது எழுதுகிற பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது, ஐந்தாவது முடிக்கிற பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்று தனித்தனியாக இரண்டு பட்டியல் எடுக்கிறோம். மலையில் தங்கியிருப்பவர்கள் பெயரைச் சொந்தக்காரர்கள் சொல்லலாம். கூட்டம் கலைவதற்கு முன் வந்து எழுதிவிட்டுப் போங்கள்.