பிள்ளைகள் படிக்கும் அறிவியல்

  

இன்றைய பேச்சு நம் பிள்ளைகளைப் பற்றியது. தொடக்கப் பள்ளியில் அவர்கள் அறிவியல் படிக்கிறார்கள். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? அதில் பெற்றோருக்கு என்ன வேலை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள். கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் பெரிய கூட்டம். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அன்று அறிவித்தார்கள். அறிவித்தவர் அமைச்சர் அல்லர். சேலக்கோடன் ஆயிஷா என்ற மூதாட்டி. வயதான பிறகு எழுத்துக் கற்றவர். அவரைப் போலவே ஊர்தோறும் பலர் பெரியவர்களான பின் எழுத்தைக் கற்றார்கள். இன்றும் கற்கிறார்கள்.

ஆனால் இப்படிக் கற்றவர்களுக்கு ஒரு பயம் உண்டு. "கையெழுத்துப் போடுவோம். பேருந்துப் பலகையைப் படிப்போம். பிள்ளையின் அறிவியல் புத்தகம் நமக்கு எப்படிப் புரியும்?" என்று நினைக்கிறார்கள். பிள்ளை கேள்வி கேட்டால், "போய் சாரிடம் கேள்" என்கிறார்கள். அல்லது, "சும்மா இரு" என்று அதட்டுகிறார்கள்.

பிள்ளை இரண்டு முறை கேட்கும். மூன்றாம் முறை கேட்காது. கேட்பதை நிறுத்திய பிள்ளை அறிவியலை மனப்பாடம் செய்யும், புரிந்துகொள்ளாது. இது பெரிய நட்டம். இந்த நட்டத்தைத் தடுக்கப் பெற்றோருக்குப் பட்டம் தேவையில்லை.

எந்த வகுப்பில் என்ன பாடம்?

கேரளத்தில் முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியல் தனிப் பாடம் இல்லை. கதை, பாட்டு, படம் ஆகியவற்றோடு சேர்ந்தே வரும். மூன்று, நான்காம் வகுப்புகளில் சுற்றுப்புறத்தைப் பற்றிய பாடம் உண்டு. ஐந்தாம் வகுப்பில்தான் அறிவியல் தனிப் புத்தகமாக வரும். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. அங்கே முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்ற பாடம் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் தனியாக வரும்.

புத்தகம் வேறு. ஆனால் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். உயிர் உள்ளவை, உயிர் இல்லாதவை. நம் உடல், உணவு. செடி, கொடி, மரம். ஆடு, மாடு, பறவை, மீன். நீர், காற்று, வெயில், நிழல். இவற்றில் எது நமக்குத் தெரியாதது? எல்லாம் நம் வீட்டிலும் விளையிலும் கடற்கரையிலும் உள்ளவைதான்.

இந்த வயதில் பிள்ளை கற்க வேண்டியவை சில பழக்கங்கள். கூர்ந்து பார்ப்பது. இனம் பிரிப்பது. எண்ணுவது, அளப்பது. முன்கூட்டி ஊகிப்பது. பிறகு செய்து பார்ப்பது. கண்டதை உள்ளபடி சொல்வது. இந்தப் பழக்கங்கள் வந்துவிட்டால் பெரிய பாடங்கள் பின்னால் தாமாக வரும்.

இலையைப் பார்த்தல்

பிள்ளை பள்ளியிலிருந்து இலைகளைப் பொறுக்கி வருகிறது. "குப்பையை ஏன் வீட்டுக்குள் கொண்டு வருகிறாய்?" என்று கேட்காதீர்கள். அருகில் உட்காருங்கள்.

மாவிலையையும் பலா இலையையும் பாருங்கள். நரம்புகள் வலைபோலப் பின்னி இருக்கும். வாழை இலை, புல், நெல் ஆகியவற்றைப் பாருங்கள். நரம்புகள் கோடு போட்டதுபோல ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஓடும். இப்போது ஒரு கீரைச் செடியையும் ஒரு புல்லையும் வேரோடு பிடுங்குங்கள். கீரைக்கு நடுவில் ஒரு தடித்த வேர். புல்லுக்குத் தாடிபோலப் பல வேர்கள். பயற்றை ஊற வைத்துத் தோலை உரித்தால் இரண்டு பருப்பாகப் பிளக்கும். நெல் அப்படிப் பிளக்காது.

வலை நரம்பு இருந்தால் பெரும்பாலும் நடு வேர் இருக்கும். விதை இரண்டாகப் பிளக்கும். கோட்டு நரம்பு இருந்தால் பெரும்பாலும் தாடி வேர் இருக்கும். விதை பிளக்காது. இந்த ஒழுங்கைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் அது மறக்காது.

நான்கு சிரட்டைகள்

விதை முளைக்க என்ன வேண்டும்? "தண்ணீர், காற்று, வெயில்" என்று பிள்ளை சொல்லும். சரியா என்று சோதிக்கலாம்.

கண் இல்லாத பாதிச் சிரட்டைகள் நான்கு எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துச் சிறுபயறு போடுங்கள். முதல் சிரட்டையில் உலர்ந்த துணி. இரண்டாவதில் ஈரத் துணி. மூன்றாவதில் பயறு மூழ்கும் அளவு தண்ணீர். நான்காவதில் ஈரத் துணி. ஆனால் அதை ஒரு பானையால் மூடி இருட்டில் வையுங்கள். எதில் முளைக்கும் என்று பிள்ளையிடம் முதலிலேயே கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள்.

மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உலர்ந்த பயறு அப்படியே கிடக்கும். ஈரத் துணியில் உள்ளது முளைத்திருக்கும். மூழ்கிய பயறு ஊறிப் பெருக்கும். பிறகு நாற்றம் எடுக்கும். அதற்குப் போதிய காற்றுக் கிடைக்கவில்லை. இருட்டில் வைத்தது? அதுவும் முளைத்திருக்கும்! அப்படியானால் இந்தப் பயறு முளைக்க வெயில் வேண்டாம். ஆனால் இன்னும் சில நாள் இருட்டிலேயே விட்டால் செடி வெளிறி, மெலிந்து, நீண்டு போகும். வளர்வதற்குத்தான் வெளிச்சம் வேண்டும்.

பிள்ளையின் ஊகம் தவறிப் போனதா? தவறில்லை. பத்தில் எத்தனை முளைத்தன என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதை எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. இரண்டாம் சிரட்டையையும் நான்காம் சிரட்டையையும் ஒப்பிடுங்கள். பயறு ஒன்று, துணி ஒன்று, ஈரம் ஒன்று. வெளிச்சம் மட்டும்தான் வேறு. ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் எது நடந்தது என்று தெரியும். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே முறைதான்.

நிழல் தெற்கே விழுமா?

கடற்கரை மணலில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை நேராக நடுங்கள். நண்பகலில் அதன் நிழலை அளந்து பாருங்கள். கோட்டுகால் பகுதியில் சூரியன் மிக உயரத்தில் நிற்பது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல. ஏப்ரல் மாதத்தில் அது ஏறக்குறைய 12 மணி 20 நிமிடத்துக்குப் பிறகு நடக்கும். கடிகார நேரம் இந்தியா முழுவதற்கும் ஒன்று. சூரியன் ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு நேரத்தில் உச்சிக்கு வரும்.

டிசம்பர் கடைசியில் நண்பகல் நிழல் வடக்கே விழும். நீளம் ஏறக்குறைய 62 சென்டிமீட்டர். நாளுக்கு நாள் நிழல் குறையும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் குச்சிக்கு நிழலே இருக்காது! சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு நண்பகல் நிழல் தெற்கே திரும்பும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை விட்ட ஒரு நாளில் பாருங்கள். நிழல் தெற்கே ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் இருக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு நாள் நிழல் மறையும்.

டெல்லியில் இருக்கும் பிள்ளை எவ்வளவு தேடினாலும் இதைப் பார்க்க முடியாது. அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் வருடத்தில் இரண்டு முறை இந்த வாய்ப்பு. ஒரு எச்சரிக்கை: நிழலைத்தான் பார்க்க வேண்டும். சூரியனை வெறும் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது.

தென்னை மண்ணைத் தின்கிறதா?

இவ்வளவு உயரமான தென்னைக்கு இத்தனை எடை எங்கிருந்து வந்தது? "மண்ணிலிருந்து" என்று பிள்ளை சொல்லும். நம்மில் பலரும் அப்படித்தான் சொல்வோம். அப்படியானால் மரத்தைச் சுற்றி ஏன் பெரும் பள்ளம் விழவில்லை?

இன்றைய பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற அறிஞரும் இதை யோசித்தார். ஒரு தொட்டி நிறைய மண்ணை எடை போட்டார். அதில் இரண்டேகால் கிலோ எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. எனவே மரம் தண்ணீரால் மட்டுமே வளர்கிறது என்று முடிவு செய்தார். அவர் இறந்த பின் 1648இல் வெளிவந்த நூலில் இது உள்ளது.

அவர் முடிவில் பாதிதான் சரி. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் எடுத்துக்கொள்கிறது. வெயிலின் துணையோடு தண்ணீரையும் காற்றையும் சேர்த்து இலையில் உணவு செய்கிறது. மண்ணிலிருந்து எடுக்கும் சத்து அளவில் கொஞ்சம். ஆனால் அது இல்லாமல் முடியாது. பெரிய அறிஞரும் தவறலாம். அவர் எடை போட்டு எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது. பிள்ளை தவறாகச் சொன்னால் சிரிக்காதீர்கள்.

பெற்றோருக்குத் தெரிந்த அறிவியல்

பாய்மரத்தில் கடலுக்குப் போனவர்கள் விடியுமுன் கரைக்காற்றில் புறப்பட்டார்கள். பிற்பகலில் கடல்காற்றில் திரும்பினார்கள். ஏன் இப்படிக் காற்று மாறுகிறது? நண்பகலில் மணலில் கால் வைத்துப் பாருங்கள், சுடும். கடல்நீரில் கால் வையுங்கள். அவ்வளவு சூடு இல்லை. தரை சீக்கிரம் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று சூடாகி மேலே எழுகிறது. அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. காற்றும் திசை மாறுகிறது. புத்தகத்தில் உள்ள இந்தப் பாடம் மீனவர் வீட்டில் பரம்பரையாக இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லைப் பகுதியில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறோம். வீட்டில் பிள்ளை குடிக்க 'வெள்ளம்' கேட்கும். தமிழ்ப் புத்தகத்தில் வெள்ளம் என்றால் ஊரை அழிக்கும் பெருநீர். தமிழில் முந்திரி என்றால் கொல்லாங்கொட்டை. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. வீட்டில் மரச்சீனி, புத்தகத்தில் மரவள்ளிக்கிழங்கு. பிள்ளை குழம்பினால் அது அறிவுக் குறைவு அல்ல. இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பொருள் ஒன்றுதான்.

உயிர் காக்கும் அளவு

அளப்பது வெறும் பள்ளிப் பாடம் அல்ல. வயிற்றுப்போக்கால் குழந்தையின் உடலில் நீர் வற்றினால் உயிருக்கே ஆபத்து. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைக் கரண்டி உப்பு. உப்பு கூடினால் தீங்கு. எனவே அளவு முக்கியம். குழந்தை சோர்ந்து போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பள்ளியில் அளக்கக் கற்ற பிள்ளை வீட்டில் இதைச் சரியாகச் செய்யும்.

இது விளையாட்டா, படிப்பா?

"பிள்ளை விளையாடுகிறது, எழுதவில்லை" என்று சில பெற்றோர் குறை சொல்கிறார்கள். பரீட்சை பற்றிய கவலை நியாயமானது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972இல் 16 கிராமப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோதனைகளைத் தாங்களே செய்தார்கள். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும்கூடப் பாடக் கருவிகள் ஆயின. பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். மனப்பாடம் உதவாது, யோசிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. 2002இல் அரசு அதை நிறுத்தியது. ஆனாலும் ஏழைக் கிராமத்துப் பிள்ளையும் செய்து கற்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், தமிழ்நாட்டில் 1980இல் தோன்றிய அறிவியல் இயக்கமும் இதே எண்ணத்தை ஊர்தோறும் கொண்டு சென்றன. 'யுரேகா', 'துளிர்' என்ற சிறுவர் இதழ்களை நடத்தின.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளை கேட்டால் நின்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால், "எனக்கும் தெரியாது, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். செய்து பார்க்க ஒரு சிரட்டையும் ஒரு பிடி பயறும் கொடுங்கள். கண்டதை எழுதச் சொல்லி, அதை நீங்களே வாசியுங்கள். உங்கள் வாசிப்பும் வளரும். பிள்ளையின் படிப்பும் வளரும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இதில் வேற்றுமை பார்க்காதீர்கள். தீயும் கொதிநீரும் உள்ள வேலையில் மட்டும் பெரியவர்கள் கூடவே இருங்கள்.

இன்றைக்கே நான்கு சிரட்டைகளை எடுத்து வையுங்கள். மூன்று நாள் கழித்து எதில் எத்தனை முளைத்தன என்று பிள்ளையோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.