வலையில் கோத்த ஈயம்

பழவேற்காடு ஏரியில் வீசிய வலை சட்டென்று அடிக்கு இறங்குகிறதே, எதனால்? ஓரத்தில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகளால். அதே வலையைத் திண்ணையில் போட்டுப் பொத்தல் அடைக்கும்போது, தவழ்ந்து வரும் குழந்தைக்கு அந்தக் குண்டு விளையாட்டுச் சாமான். எடுத்ததும் வாய்க்குத்தான் போகும்.

போகக் கூடாது நேயர்களே, ஒரு குண்டுகூட வாய்க்குப் போகக் கூடாது.

குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ரத்தம் குறையும், மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், பள்ளியில் கவனம் நிற்காது. மூளைக்கு நேர்ந்த பாதிப்பை மருந்தால் திருப்ப முடியாது.

ஈயத்தை உருக்கி வார்ப்பது இன்னும் ஆபத்து. கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதற்கு, வலைக்குண்டு வார்ப்பதும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது.

வீட்டிலோ முற்றத்திலோ ஈயம் உருக்க வேண்டாம். வலையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். குண்டை விழுங்கிவிட்டால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.