கைமாற்றுக்கும் கெடு வேண்டும்

(கோவையில் நடந்த கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் பொருளியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"எகனாமிக்ஸ் படித்து என் மகள் என்ன செய்யப் போகிறாள்?" என்று ஓர் அத்தா வாசலில் என்னிடம் கேட்டார். அவருக்குத்தான் இந்தப் பதில்.

1932-ல் அரியலூரில் பிறந்தவர் சி. ரங்கராஜன். அமெரிக்காவில் பொருளியலில் டாக்டர் பட்டம் பெற்று, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியராக இருந்தவர். 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கியின் கவர்னர்.

அவர் முன் இருந்த சிக்கல் நம் கடைவீதிக்கும் தெரிந்ததுதான். மத்திய அரசின் கையிருப்பு குறைந்தால் ரிசர்வ் வங்கி தானாகவே பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடு 1955 முதல் இருந்தது. அதற்கு அரசு எழுதிக் கொடுத்த பத்திரத்தின் தவணை 91 நாள். தவணை முடிந்ததும் பழையதை மாற்றிப் புதியதை எழுதினார்கள். கைமாற்றாகத் தொடங்கியது தீராக் கடனாயிற்று. அது புதிதாக உண்டாக்கிய பணம். அளவு மீறினால் விலைவாசி ஏறும். கூலிக்குப் போகிற வீட்டில்தான் அந்தச் சுமை முதலில் தெரியும்.

1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. 1997 ஏப்ரலில் பழைய முறை நின்றது. அவசரத்துக்கு வரம்பும் கெடுவும் வைத்த முன்பணம். மற்றத் தேவைக்குச் சந்தையில் கடன் என்றாயிற்று. பின்னர் 12-ஆவது நிதிக்குழுவின் தலைவராக இருந்தபோது, நிதி ஒழுங்குச் சட்டம் இயற்றும் மாநிலங்களுக்கே கடன் நிவாரணம் என்று பரிந்துரைத்தார்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனைப் பற்றியதே. கெடு குறித்து வாங்கும் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேர் எழுதுகிறோம்? "நமக்குள்தானே" என்று விட்டு, பிறகு சொந்தம் முறிந்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்.

அந்த அத்தாவுக்குச் சொல்கிறேன்: கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே பொருளியல் படிக்கலாம். முதுகலை முடித்தால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். நாட்டின் கடன் கணக்கைப் பார்க்கும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருக்கட்டும். மகளைத் தடுக்காதீர்கள்.