நாற்கல் தந்த குடிப்பெயர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

தாயகம் விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. பள்ளியிலும் அலுவலகத்திலும் தரும் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் இருக்கின்றது. அதில் எதை எழுதுவது? ஒருவர் தந்தை பெயரை எழுதுகின்றார். மற்றொருவர் ஊர்ப் பெயரை எழுதுகின்றார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்றும் தங்கைக்கு வேறொன்றுமாக அமைந்துவிடுதலும் உண்டு. "நமக்கு மட்டும் ஏன் குடும்பப் பெயர் இல்லை?" என்று குழந்தைகள் கேட்கும்போது, ஏதோ குறையுடையோம் போல நாம் நாணி நிற்கின்றோம். அந்நாணம் வேண்டுவதில்லை. அதனை விளக்கவே, இங்கிலாந்தில் வழங்கும் அரியதொரு குடிப்பெயரின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டோம்.

ஆங்கிலேயர்க்கும் குடிப்பெயர் தொன்றுதொட்டு வந்ததன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் அந்நாட்டை வெல்லுமுன் மக்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடே வாழ்ந்தனர். நில உரிமையும் வரியும் ஆவணமும் பெருகப் பெருக, ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய அடைமொழி வேண்டியதாயிற்று. கொல்லன் 'ஸ்மித்' ஆனான். ஜானின் மகன் 'ஜான்சன்' ஆனான். சிலர்க்கு ஊரும், சிலர்க்கு உருவமும் பெயர் தந்தன. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் இவை பெரும்பாலான குடும்பங்களில் வழிவழி இறங்கும் பெயர்களாக நிலைத்தன. நாம் இன்று தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் தலைப்பெழுத்தாக இடுகின்றோமே, அம்முறைக்கும் அவர்கள் தொடங்கிய முறைக்கும் வேர் ஒன்றேயாகும்.

இனி நாம் எடுத்துக்கொண்ட பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் அதனை எழுதப் பதினேழு எழுத்துகள் வேண்டும். எழுத்தைக் கூட்டிப் படிப்பவர் 'ஃபெதர்ஸ்டோன்ஹாக்' என்பர். ஆயினும் அப்பெயருடையோர் பலர் அதனை 'ஃபேன்ஷா' என்றே ஒலிக்கின்றனர்!

இது ஊரால் வந்த பெயர். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்துப் பகுதியில், தென் டைன் ஆற்றின் அருகே ஃபெதர்ஸ்டோன் என்னும் இடமும் பழங்கோட்டை ஒன்றும் உள்ளன. 'ஃபெதர்' என்றதும் பறவையின் இறகு நம் நினைவுக்கு வரும். ஆனால் இறகுக்கும் கல்லுக்கும் என்ன தொடர்பு? பழைய ஆங்கிலத்தில் 'ஃபெதர்' என்பது 'நான்கு' என்னும் பொருளில் தொகைச்சொற்களின் முன்னே நின்றது. மூன்று கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லை மூடியாக வைத்த தொல்பழங்கால அமைப்பையே அது குறித்தது என்பர் அறிஞர். 'ஹாக்' என்னும் ஈறு ஆற்றோரத்து ஒதுக்குநிலத்தைக் குறிக்கும். ஆகவே இப்பெயருடையோர் 'நாற்கல் நின்ற ஆற்றோரத்தார்' ஆவர்.

நெடும்பெயர் நாவில் தேய்வது எம்மொழிக்கும் இயல்பு. சோழநாடு 'சோணாடு' ஆயிற்று. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆயிற்று. கோயம்புத்தூர் 'கோவை' ஆயிற்று. இதனையே நம் இலக்கணத்தார் மரூஉ என்றனர். நாம் எழுத்தையும் மாற்றிக்கொண்டோம். அக்குடும்பத்தாரோ ஒலியை மட்டும் தேயவிட்டு எழுத்தைக் காத்தனர். டார்பிஷயரில் தோன்றிய 'ஃபேன்ஷா' என்னும் வேறொரு குடியும் அந்நாட்டில் உண்டு. ஒலித்தவாறே எழுதியிருப்பின் இரு குடிகளும் ஒன்றாய் மயங்கியிருக்கும்; நாற்கல்லும் மறந்தே போயிருக்கும்.

இப்பெயர் குருதிவழி மட்டும் வந்ததென்றும் எண்ணற்க. சஸெக்ஸில் உள்ள அப்பார்க் என்னும் மாளிகையை 1747இல் இக்குடியினர் ஒருவர் வாங்கினார். அவர் மைந்தர் சர் ஹாரி, எழுபது அகவையைக் கடந்தபின், 1825இல் தம் பால்பண்ணையில் பணிபுரிந்த பெண்ணை மணந்தார். மகப்பேறு இல்லை. மனைவிக்குப் பின் அம்மாளிகை அவர் தங்கையிடம் சேர்ந்தது. அத்தங்கை இக்குடிப்பெயரையே தம் பெயராக ஏற்றார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் அன்னை இவ்வம்மையாரிடமே இல்லப் பொறுப்பாளராக இருந்தார். பின்னர் அம்மாளிகையின் உரிமை பெற்றோரும் இப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டனர். பிறப்பு தராத பெயரையும் பேணிக் காத்தனர் என்பது ஈண்டுக் கருதத் தக்கது.

சுவையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இப்பெயருடைய ஜார்ஜ் வில்லியம் என்பார் அமெரிக்காவில் 1834இல் அரசின் சார்பில் நிலவியல் ஆய்வு செய்தவர். பின்னாளில் பிரான்சின் லே ஹாவர் துறைமுகத்தில் ஆங்கிலத் தூதராக இருந்தார். 1848இல் புரட்சி மூண்டு முடிதுறந்த மன்னர் லூயி பிலிப், மாறுவேடத்தில் அத்துறைக்கு வந்தார். தூதர் அவரை எப்பெயரால் கப்பலேற்றினார் தெரியுமா? 'ஸ்மித்' என்னும் பெயரால்; அதுவும் தம் மாமன் என்று கூறி! அரிய பெயர் உடையவரே, ஒருவரை மறைக்க வேண்டிய வேளையில், யாவர்க்கும் பொதுவான பெயரைத் தேர்ந்தார். அரிய பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பொதுப்பெயர் கூட்டத்தில் கரைத்துவிடும்.

அன்பர்களே! அண்டை வீட்டார் நம் பிள்ளைகளின் பெயரைச் சுருக்கி அழைத்தால் வருந்தற்க. அது நாவின் இயல்பு. ஆனால் ஏட்டில் சுருக்கற்க. தலைப்பெழுத்தை விரித்து முழுமையாக எழுதுவோம். ஒரு வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கொள்வோம். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பேணுவோம். அவ்வெழுத்துக்குள் நிற்கும் பாட்டன் யார், ஊர் எது, அவ்வூர்ப் பெயரின் பொருள் யாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். 'குடும்பப் பெயர் ஏன் இல்லை?' என்று கேட்கும் குழந்தைக்கு அதுவே தக்க விடையாகும்.